மொச்சையும் புளியங்கொட்டையும்

ஜூன் 9

டைரி எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது. தினமும் தன்னைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுகிறவன் வேறு வேலை இல்லாதவன் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டை எடுத்தது கணக்குப் போட. தேதி வாரியாக எழுதி வைத்தால் எந்த எண் எப்போது வந்தது என்பதில் குழப்பம் இருக்காது.

இன்று முடிவு வந்தது. என் மனைவி எப்சிபாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். மூன்று மாதமாகத் தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் எடுக்கிறாய், அதுதான் என்று நானே சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

டாக்டர் உலகநாதன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடுவது. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அது வழியாக. பேச்சு இருக்காது. இரண்டாவது, கதிர்வீச்சும் மருந்தும். பேச்சு பெரும்பாலும் தங்கும், ஆனால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

"எண் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"ஆசீர் சார், இவங்களுக்கு இப்படித்தான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தோராயமா."

"ஆபரேஷன்னா நூத்துக்கு எண்பது பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க. மத்ததுன்னா அறுபதுன்னு வச்சுக்கோங்க. பத்து நாள்ல சொல்லுங்க. அதுக்கு மேல தள்ள வேண்டாம்."

எப்சிபா ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "இன்னைக்கு அரை நாள் லீவு போச்சு" என்றாள்.

ஜூன் 10

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து காயில் கம்பி எரிந்துவிட்டது என்றான். நாளை வருகிறானாம்.

ஜூன் 12

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்கு இன்று முடிவெடுத்தல் கோட்பாடு. பதினாறு வருடமாக நடத்தும் பாடம். வழக்கம்போல அல்வா, காராசேவு, முறுக்கு என்று பலகையில் எழுதி ஆரம்பித்தேன். எந்த இரண்டைக் காட்டினாலும் இது வேண்டும், அது வேண்டும், அல்லது இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அல்வாவைக் காராசேவுக்கு மேலாகவும், காராசேவை முறுக்குக்கு மேலாகவும் வைக்கிறவர் அல்வாவை முறுக்குக்கு மேலாக வைக்க வேண்டும். இப்படி ஒழுங்காக இருந்தால் அவருடைய ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம். பெரிய எண் எதுவோ அதுதான் அவருக்கு வேண்டியது. மனத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

பிறகு எண் கொடுக்க முடியாத ஆளைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒரு பொருள்தான் முதலில். அதில் துளி குறைந்தாலும், மற்றதை மலையாகக் குவித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். முதல் பொருள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் இரண்டாவதைப் பார்ப்பார். அந்த விருப்பத்துக்கு எண் வரிசை பொருந்தாது. நிரூபணம் பலகையில் ஆறு வரி.

பேச்சியம்மாள் என்ற மாணவி, "அப்படி ஆள் நெசமாவே இருப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

"புத்தகத்துல இருப்பாங்க" என்றேன். வகுப்பு சிரித்தது.

ஜூன் 14

எப்சிபாவிடம் முறைப்படி கேட்டுவிட்டேன். எது பிடிக்கும் என்று மொட்டையாகக் கேட்பது பாமரர் வேலை. பந்தயமாக மாற்றிக் கேட்டால்தான் எண் கிடைக்கும். சீட்டுக்கட்டு அவளுக்கு ஆகாது, அதனால் சமையலறையிலிருந்து வெள்ளை மொச்சையும் புளியங்கொட்டையும் எடுத்து வந்தேன். பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் மொச்சை நூறு.

விளக்கினேன். இந்தப் பக்கம், பேச்சில்லாமல் முழு ஆயுள், உறுதி. அந்தப் பக்கம், வாளிக்குள் கைவிட வேண்டும். மொச்சை வந்தால் பேச்சோடு முழு ஆயுள். புளியங்கொட்டை வந்தால் சாவு. ஒரு மொச்சையை எடுத்துவிட்டு ஒரு புளியங்கொட்டை போடுகிறேன். இப்போதும் வாளியில் கை விடுவாயா? இரண்டு போடுகிறேன், விடுவாயா? எந்த எண்ணிக்கையில் கை நின்றுபோகிறதோ அங்கே சொல்.

பத்து போட்டேன். விடுவேன் என்றாள். இருபது. விடுவேன். நாற்பதில் நானே நிறுத்தினேன்.

"எபி, கேள்வி புரியுதா? நூத்துல நாப்பது சாவு."

"புரியுது. எண்ணிக்கிட்டு உக்காராதீய. கொட்டை எத்தன வேணும்னாலும் போடுங்க. நான் கை விடுவேன்."

"நூறும் போட்டா?"

"பேச்சு இல்லாம அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால நான் எப்படி நிப்பேன்? நிக்கிறதே அதுகளுக்குத் தெரியாதே."

அவள் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்பது தெளிவு. ஏதாவது ஓர் இடத்தில் கை நின்றாக வேண்டும். அது அடிப்படை விதி. நிற்காவிட்டால் எண் பிறக்காது, எண் இல்லாத பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்றைய பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 15

மோட்டார் சரியாகிவிட்டது. எப்சிபா பள்ளிக்குப் போனாள். வாளி மேசை மேலேயே இருக்கிறது.

ஜூன் 18

சர்ச் முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்பு மறுபடி கேட்டேன். இந்த முறை இன்னும் நிதானமாக விளக்கினேன். சாவு என்றால் என்ன என்றுகூடச் சொன்னேன். அவள் நாற்காலி காலியாக இருக்கும், காலையில் ரேடியோ போட ஆள் இருக்காது, நான் கல்லூரியிலிருந்து வந்து கதவை நானே திறக்க வேண்டும். இதெல்லாம் அந்தக் கொட்டைக்குள் இருக்கிறது, யோசித்துச் சொல் என்றேன். நடுவில் என் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இந்த மாதக் காற்றில் தூசி அதிகம்.

அவள் வாளியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எத்தன போடுவீய?"

"கேள்வி எனக்கில்ல."

"சும்மா சொல்லுங்க."

"ஒண்ணுகூடப் போட மாட்டேன்."

வாளியை என் பக்கம் தள்ளி, "அப்போ பத்துன்னு எழுதிக்கிடுங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். நிதானமாக விளக்கினால் யாருக்கும் புரியும்.

ஜூன் 19

கணக்கு. சாவு 0, பேச்சோடு வாழ்வு 1. பத்துக் கொட்டையில் கை நிற்கிறது என்றால் பேச்சில்லாத வாழ்வு 0.9. அறுவை சிகிச்சை: 0.8 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 0.72. கதிர்வீச்சு: 0.6.

இழுபறியே இல்லை. டாக்டருக்குப் போன் செய்து அறுவை சிகிச்சை என்று சொன்னேன். "மேடம் சம்மதிச்சாங்களா?" என்றார். அவர்கள் கொடுத்த எண்தான் என்றேன்.

ஜூன் 26

எப்சிபா பள்ளிக்குப் போன கடைசி நாள். அழைத்து வரப் போயிருந்தேன். கதை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிளியும் பூனையும் வரும் கதை. குரல் அடைத்துப் போயிருந்தாலும் கிளிக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பேசினாள். முன்வரிசையில் முப்பிடாதி என்ற எட்டு வயதுப் பெண், டீச்சரின் சத்தம் போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. "லீவு முடிஞ்சு வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வழியில், "போன்ல கொஞ்சம் பாடம் பதிஞ்சு வச்சா என்ன? பிள்ளைங்க கேக்கலாமே" என்றேன். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அதுக கேள்வி கேட்டா பெட்டி பதில் சொல்லுமா?" என்றாள். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. இரண்டே நாள் பாக்கி இருக்கும்போது அவள் பேசாமல் வந்தது எனக்குக் கோபமாக இருந்தது.

ஜூன் 28

ஐந்தரை மணி நேரம். நன்றாக முடிந்தது என்றார்கள்.

போகும் முன் கடைசியாகச் சொன்னது: "பாலை ஃபிரிட்ஜ்ல வச்சீயளா?"

ஜூலை 9

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். கழுத்துக் குழாயைக் கழுவக் கற்றுக்கொண்டேன். கஷ்டமில்லை, வரிசை தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கேஸ் தீர்ந்துவிட்டது, பதிவு செய்தேன்.

பேச்சுக்கு ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். அவள் பாதி எழுதும்போதே எனக்குப் புரிந்துவிடுகிறது, உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இதில் நேரம் மிச்சம். இன்று 'எனக்கு' என்று எழுதினாள். பசிக்கிறதா, கஞ்சி வைக்கவா என்றேன். அழித்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 16

பள்ளிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். டாக்டரும் போகலாம் என்றார். அழைத்துப் போனேன்.

வகுப்பில் வேறொரு டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எழுந்தார். பிள்ளைகள் பதினோரு பேரும் கதவுப் பக்கம் முகம் திருப்பி, "யாரு? யாரு?" என்று கேட்டார்கள். எப்சிபா நின்றுகொண்டே இருந்தாள். கையில் சிலேட்டு. அந்தச் சிலேட்டால் அங்கே யாருக்கு என்ன பயன்?

முப்பிடாதிதான் எழுந்து கையை நீட்டிக்கொண்டு வந்தது. சேலையைத் தொட்டு, வளையலைத் தொட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "எப்சிபா டீச்சர்!" என்று கத்தியது. எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர் பேசுங்க." "கிளி மாதிரிப் பேசுங்க டீச்சர்." "டீச்சர், டீச்சர்."

அவளுக்கு இருமல் வந்தது. கழுத்துத் துளையிலிருந்து வரும் இருமல் வேறு மாதிரி இருக்கும். பிள்ளைகள் பின்வாங்கினார்கள். முப்பிடாதி மட்டும் வளையலை விடாமல், "டீச்சருக்கு எங்க மேல கோவமா?" என்று கேட்டது.

டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று நான்தான் பதில் சொன்னேன். எப்சிபா மேசைப் பக்கம் போகப் பார்த்தாள், எதையோ எடுக்கக் கையை நீட்டினாள். தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். செய்தது சரிதான்.

ஆகஸ்ட் 19

அன்று வகுப்பில் இருந்த டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். எப்சிபாவின் பிரெய்ல் பலகை, புள்ளி குத்தும் ஊசி, கெட்டித்தாள். அன்றைக்கு மேசையில் எடுக்கப் போனது இதைத்தான் போலிருக்கிறது.

செப்டம்பர் 4

பகலெல்லாம் டக், டக், டக் என்று ஊசிச் சத்தம். தாளில் புள்ளி குத்திக்கொண்டே இருக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்றேன். கையை அசைத்தாள். எட்டிப் பார்த்தேன், வெறும் மேடு பள்ளம்.

இருபத்தெட்டு வருடத்தில் அவள் எழுதி எனக்குப் படிக்கத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் இருந்ததில்லை. உண்மையில் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத் தாள்கள் எப்போதும் அலமாரியில் அடுக்காக இருந்தன. நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 10

நுரையீரலில் இரண்டு இடம்.

நூற்றுக்கு எண்பது என்றார்களே என்று டாக்டரிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பொறுமையாகவே இருந்தார். எண்பது என்றால் இருபதும் உண்டு என்பதை இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் இருந்தேன்.

"மதுரைக்குப் போனா புதுசா ஒரு மருந்து குடுக்கலாம். வார்டுலயே இருக்கணும். சில மாசம் கூடலாம், உறுதி இல்ல. இல்லேன்னா இருக்கிற தெம்போட வீட்ல இருக்கலாம். அம்மாவைக் கேட்டு முடிவு பண்ணுங்க" என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னதாகத் தோன்றியது.

அக்டோபர் 12

மறுபடி கேட்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது. காலையில் தூக்குவாளியைத் தேடினேன். அலமாரியில் இருந்தது. உள்ளே புளியங்கொட்டை மட்டும்தான்.

"மொச்சை எங்க?" என்றேன்.

அடுப்பைக் காட்டினாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நேற்றே ஊற வைத்திருக்கிறாள்.

மத்தியானம் எனக்குப் பரிமாறினாள். காரமும் புளியும் சரியாக இருந்தன. அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வாளியைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 14

"மதுரைக்குப் போவமா? டாக்டர் கேக்கார்" என்றேன். சிலேட்டை அவள் முன்னால் வைத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, பிரெய்ல் பலகையை எடுத்தாள். பத்து நிமிடம் குத்தினாள். தாளை உருவி, திருப்பி, என் கையில் கொடுத்தாள்.

"எபி, எனக்கு இது தெரியாதுல்லா. சிலேட்ல எழுது."

முடியாது என்று தலையசைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 15

சர்ச்சுக்குப் போகவில்லை. எப்சிபா பக்கத்து வீட்டுக்காரர்களோடு போயிருக்கிறாள். நேற்றே கல்லூரியில் பிரெய்ல் எழுத்து அட்டவணையை அச்செடுத்து வைத்திருந்தேன்.

விரலால் எனக்கு வரவில்லை. ஜன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழுகிற புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். ஓர் எழுத்துக்கு ஆறு இடம். எதில் புள்ளி இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்க வேண்டும். மெய் ஒரு கட்டம், அதற்கான உயிர் அடுத்த கட்டம். முதல் சொல்லுக்கே கால் மணி நேரம் ஆனது. தவறாகப் படித்து அடித்துத் திருத்தினேன். பாதியில் வரும் சொல்லை ஊகித்து முன்னால் ஓடப் பார்த்தேன், இரண்டு முறையும் ஊகம் பொய்யானது. எழுத்து எழுத்தாகத்தான் போக வேண்டியிருந்தது. எழுதி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

'முதல் நாள் சொன்னதுதான் என் பதில். பத்து உங்களுக்காகச் சொன்னது. மதுரை வேண்டாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.'

அவ்வளவுதான். சிலேட்டில் எழுதியிருந்தால் 'முதல்' என்று வரும்போதே நான் வாயைத் திறந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இதை இப்படிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் நான் மறுத்துப் பேசாமல் அவள் சொல்வதைக் கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இந்த நோட்டிலேயே பின்னால் போய் ஜூன் 14-ஐப் படித்தேன். அவள் சொன்னதைக் கேலி செய்வதற்காக அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கொட்டை எத்தன வேணும்னாலும் போடுங்க. கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்று கீழே நான் எழுதியது இருக்கிறது. அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. பேச்சியம்மாள் கேட்டாளே, அப்படி ஆள் நிஜமாகவே இருப்பாரா என்று, அந்த ஆள் இரண்டு நாள் கழித்து என் வீட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பதில் சொன்னாள். பதினாறு வருடம் அந்த நிரூபணத்தை நடத்திய நான், எண் வரவில்லை என்று அவள் பதிலைத் தூக்கி எறிந்தேன்.

ஜூன் 18-ஐயும் படித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், தூசி என்று எழுதியிருக்கிறேன். பொய். அழுதேன். அவள் நாற்காலி காலியாக இருக்கும் என்று சொல்லும்போதே குரல் உடைந்து அழுதேன். அதைப் பார்த்துத்தான் பத்து என்றாள். நான் தனியாகிவிடுவேன் என்ற பயத்தைக் கொட்டையாக எண்ணி வாளியில் போட்டு, அவளை அதற்குள் கை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் குரலை வாங்கிக்கொண்டேன். ஆயுளும் கூடவில்லை.

0.9 என்று எழுதிய இடத்தை அடித்தேன். பக்கத்தில் எழுத வேறு எண் எதுவும் இல்லை.

சர்ச்சிலிருந்து வந்ததும் மேசையில் கிடந்த அட்டவணையையும், நான் எழுத்துக் கூட்டி எழுதிய தாளையும் பார்த்தாள். ஓரிடத்தில் கொம்பு விட்டிருந்தேன். பேனாவை எடுத்துத் திருத்தினாள்.

அக்டோபர் 16

மதுரை வேண்டாம் என்று டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். எட்டே காலுக்குப் பள்ளிக்குக் கிளம்பினோம். பையில் பிரெய்ல் பலகை, ஊசி, இரண்டு மாதமாகக் குத்தி வைத்த தாள்கட்டு. கட்டு முழுக்கக் கதைகளாம். நேற்று அட்டவணையை வைத்துத் தலைப்புகளை மட்டும் படித்தேன். முதல் கதையில் ஒரு கிளி வருகிறது.

நான் வகுப்புக்குள் போகவில்லை, கதவோரம் நின்றுகொண்டேன். அவள் உள்ளே போனதும் கைகளை ஒன்றோடொன்று தட்டி வளையலைக் குலுக்கினாள். பிள்ளைகள் திரும்பினார்கள். முப்பிடாதி எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது. அதற்கு ஆகஸ்டில் விட்ட இடம் மறக்கவில்லை.

"இன்னும் கோவமா டீச்சர்?"

எப்சிபா மேசையில் உட்கார்ந்து ஒரு வரி குத்தினாள். அவசரமே இல்லாமல் குத்தினாள். ஊசிச் சத்தம் நிற்கும்வரை பதினோரு பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. தாளைத் திருப்பி முப்பிடாதியின் விரலுக்கடியில் வைத்தாள்.

பிள்ளை ஒரே ஓட்டமாக விரலை ஓட்டியது. முகமெல்லாம் சிரிப்பு. மற்றவர்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது.

"ஏய், டீச்சருக்குக் கோவம் நம்ம மேல இல்லையாம்!"

நான் கதவோரத்திலேயே நின்றிருந்தேன்.